விவியனைட்: அரிதென்று பெயரெடுத்த ஓர் இரும்பு பாஸ்பேட்

மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும்போது நிறமில்லாமலோ வெள்ளையாகவோ இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பச்சை ஏறி நீலமாகும். அப்படியே விட்டுவைத்தால் மைக்கறுப்பாகி, கடைசியில் பழுப்பாக உதிரும். விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட் கனிமத்தைப் பற்றிக் கையேடுகள் முதலில் சொல்வது இந்த நிறமாற்றத்தைத்தான். அடுத்தபடியாக, நல்ல படிகம் கிடைப்பது அரிது என்று சொல்லும். முதல் செய்தியில் குறை காண ஒன்றுமில்லை. இரண்டாவதைத்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஏரி, கடல், கழிவுநீர் ஆகியவற்றில் நடந்த ஆய்வுகள் ஆட்டம் காண வைத்திருக்கின்றன. இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டு என்பது என் வாதம். நிறம் மாறும் அந்தக் குணமே இந்தக் கனிமத்தை ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைத்தது; அரிது என்ற பெயரையும் பெரும்பாலும் அதுவே வாங்கிக் கொடுத்தது.

சேர்க்கையில் சிக்கல் ஏதுமில்லை. மூன்று இரும்பு அயனி, இரண்டு பாஸ்பேட், எட்டு நீர் மூலக்கூறு. எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, 28 சதவீதத்துக்குச் சற்று மேல் நீர், 12 சதவீதம் சொச்சம் பாஸ்பரஸ். இரும்பு முழுவதும் ஃபெரஸ் நிலையில், அதாவது இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த நிலையில், இருக்க வேண்டும். மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 1.5 முதல் 2 வரை என்பதால் நகத்தாலேயே கீறிவிடலாம். அடர்த்தி 2.7ஐ ஒட்டி வரும். மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸுக்கு 2.65. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் எடையை வைத்து விவியனைட்டை மணலிலிருந்து பிரிப்பது கடினம். ஆனால் மட்கிய பொருள் கலந்த லேசான சேற்றிலிருந்து பிரிக்க அந்த அடர்த்தி போதும். இது பின்னால் உதவப் போகிறது.

இந்தக் கனிமத்தின் குணங்கள் எல்லாம் அதன் உள்ளமைப்பிலிருந்தே வருகின்றன. மோரி, இட்டோ என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் 1950இல் அந்த அமைப்பை வெளியிட்டார்கள். இரும்பு அயனிகள் இரண்டு விதமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வகை தனித்திருக்கும். அதைச் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகளும் இரண்டு ஆக்சிஜன்களும் எண்முகியாக நிற்கும். மற்றது இரட்டையாக இருக்கும். இரண்டு எண்முகிகள் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்பதால், அவற்றின் நடுவே உள்ள இரண்டு இரும்புகளுக்கும் இடைவெளி மூன்று ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை. பாஸ்பேட் நான்முகிகள் இந்த இரு வகையையும் இணைத்துத் தகடுகளாக்குகின்றன. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே இருப்பது நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும். அதனால் படிகம் ஒரு திசையில் சீட்டுக்கட்டுபோலப் பிரியும். மெல்லிய ஏடாக உரித்தால் வளையக்கூடச் செய்யும்.

நிறத்துக்குக் காரணம் அந்த இரட்டை இரும்புகள். இரண்டும் ஃபெரஸ் நிலையில் இருக்கும்வரை படிகம் நிறமற்றது. இரண்டில் ஒன்று ஒரு எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆனவுடன், அடுத்திருக்கும் ஃபெரஸ் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் அதை நோக்கித் தாவ முடிகிறது. தாவுவதற்கு வேண்டிய ஆற்றலை அது சிவப்பு வெளிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ள, நம் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம். தாவல் நடப்பது இரண்டு இரும்புகளையும் சேர்க்கும் கோட்டின் திசையில் மட்டும். ஆகவே முனைவாக்கிய ஒளியில் படிகத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஆழ்ந்த நீலமும் இன்னொரு பக்கம் வெளிறிய மஞ்சள்பச்சையும் தெரியும். இரத்தினபுரி நீலக்கல்லின் நிறமும் இதே வகைத் தாவலால் வருவதுதான். அங்கே எலக்ட்ரான் இரும்பிலிருந்து டைட்டானியத்துக்குப் போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் விவியனைட்டை இயற்கைப் பிரஷ்யன் நீலம் என்று அழைத்தார்கள். வேதியியல்படி அது பிழை, ஏனென்றால் பிரஷ்யன் நீலம் சயனைடுச் சேர்மம். ஆனால் இரண்டு நிறத்துக்கும் மூலம் ஃபெரஸுக்கும் ஃபெரிக்குக்கும் இடையே நடக்கும் எலக்ட்ரான் தாவல்தான். அந்த வகையில் அவர்கள் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக்சிஜனேற்றம் நடக்கும்போது படிகம் உடனே நொறுங்கிவிடுவதில்லை. இரும்பு ஒரு எலக்ட்ரானை விட, பக்கத்து நீர் மூலக்கூறு ஒரு புரோட்டானை விட்டு ஹைட்ராக்சிலாகிறது. மின்னூட்டக் கணக்கு நேராகிவிடுகிறது. மெக்காமன், பர்ன்ஸ் இருவரும் 1980இல் மாஸ்பவர் நிறமாலையைக் கொண்டு இந்த வழிமுறையை ஆராய்ந்தார்கள். ஓர் எல்லை வரை பழைய அமைப்பு தாங்கும். அதைத் தாண்டினால் படிக ஒழுங்கு மாறி மெட்டாவிவியனைட் ஆகிறது. இரும்பு அனைத்தும் ஃபெரிக் ஆனபின் படிக ஒழுங்கே அற்ற சாண்டாபார்பராயிட் மிஞ்சுகிறது. இத்தாலியில் டஸ்கனியின் சாண்டா பார்பரா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அடையாளம் கண்டு, 2003இல் முறையாக விவரிக்கப்பட்ட கனிமம் அது. வெளியே விவியனைட்டின் உருவம் அப்படியே இருக்க, உள்ளே அது இல்லாமல் போயிருக்கும். வெளிச்சம் இந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதால் விவரமறிந்த சேகரிப்பாளர்கள் விவியனைட்டை இருட்டுப் பெட்டியில்தான் வைக்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டுக் காட்டும் அருங்காட்சியகங்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பெயர் வந்த கதை சுருக்கமானது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஆக்னஸ் அருகே கிடைத்த படிகங்களை வைத்து, ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் காட்லாப் வெர்னர் 1817இல் இந்தப் பெயரைச் சூட்டினார். வெர்னர் இறந்ததும் அதே ஆண்டில்தான். பெயருக்குரிய ஜான் ஹென்றி விவியன், வேல்ஸில் ஸ்வான்சியை அடுத்த ஹாஃபோட் செம்பு உருக்காலையை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர்; பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

இனி இருப்பிடங்கள். சேகரிப்பாளர் உலகம் கொண்டாடுவது மூன்று நான்கு ஊர்களை. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்கள் அவற்றில் முதன்மை: ஹுவானுனி, லயாகுவா, மொரோகோகாலா. சூடான கனிமக் கரைசல் குளிர்ந்து அடங்கும் கடைசிக் கட்டத்தில், பாறைப் பிளவுகளில், பைரைட்டின் மேல் உட்கார்ந்து வளர்ந்த பச்சைப் படிகங்கள் அங்கே கிடைக்கின்றன. அளவில் முந்துவது கேமரூன். அன்லூவா என்னுமிடத்தில் சதுப்புக் களிமண்ணுக்குள் ஒரு மீட்டரைத் தாண்டிய படிகங்கள் கிடைத்திருக்கின்றன. கிரிமியாவின் கெர்ச் தீபகற்பத்தில் இரும்புத் தாதுப் படுகையில் புதைந்த சிப்பிகளைத் திறந்தால் உள்ளே கருநீல ஊசிகள் விசிறியாக விரிந்திருக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மல்லிகா ஹில் அருகே, கிரெட்டேசியஸ் காலப் பெலம்னைட் புதைபடிவங்களின் உள்ளேயும் இதே கதை.

பெக்மடைட் பாறைகளிலும் விவியனைட் உண்டு; அங்கே அது வேறொரு பாஸ்பேட் சிதைந்து பிறக்கும் இரண்டாம் தலைமுறைக் கனிமம். அந்த மூலக் கனிமத்தின் பெயர் டிரிபைலைட். லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது. 1834இல் பவேரியாவில் யோஹான் நெபோமுக் ஃபுக்ஸ் விவரித்தது. இன்று மின்சார ஸ்கூட்டரிலும் பேருந்திலும் ஏறியிருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் நேர்முனைப் பொருள் இதே சேர்மம்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃப் குழு 1997இல் அதன் மின்வேதியியலை வெளியிட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஸ்வீடனின் வாருட்ரஸ்க் பெக்மடைட்டை ஆராய்ந்த பெர்சி குவென்சல், டிரிபைலைட்டிலிருந்து லித்தியம் படிப்படியாக வெளியேறி, இரும்பு ஃபெரிக்காகி, கடைசியில் ஊதா நிற ஹெடெரோசைட் ஆவதைப் பாறையில் வரிசையாகப் படித்துவிட்டிருந்தார். பேட்டரியை சார்ஜ் செய்யும்போது நேர்முனையில் நடப்பதும் அதே மாற்றம்தான். கனிமவியல் நூலகத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு தகவலுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு.

அரிது என்ற சொல்லுக்கு நியாயம் செய்யும் இரும்பு பாஸ்பேட் வேண்டுமானால் அதே லயாகுவா சுரங்கத்தின் வாக்சைட்டைக் காட்டலாம். இரும்போடு அலுமினியமும் சேர்ந்த இந்த வெளிர்நீலக் கனிமத்தை 1922இல் சாமுவேல் கார்டன் விவரித்தார். உலகில் வேறெங்கும் அது கிடைப்பது மிகமிகக் குறைவு. இரும்பு, அலுமினியம், பாஸ்பேட், நீர் எல்லாம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில், ஒரு குறிப்பிட்ட அமிலத்தன்மையில் கூடினால்தான் வாக்சைட் பிறக்கும். கொஞ்சம் பிசகினால் பாராவாக்சைட்டோ வேவலைட்டோ ஆகிவிடும். விவியனைட்டுக்கு அப்படிப்பட்ட கெடுபிடி இல்லை. அதன் கரைதிறன் பெருக்கம் பத்தின் அடுக்கு கழித்தல் 36 அளவில் இருப்பதாக ந்ரியாகு 1972இல் கணக்கிட்டார். நீரில் ஃபெரஸ் இரும்பும் பாஸ்பேட்டும் சொற்ப அளவில் இருந்தாலே படிந்துவிடும் என்று பொருள். இரண்டு தடைகள்தான் உண்டு. ஆக்சிஜன் இருக்கக் கூடாது. சல்ஃபைடு மிகக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் இரும்பு துருவாகிவிடும். சல்ஃபைடு இருந்தால் அது இரும்பை இழுத்துக்கொண்டு இரும்பு சல்ஃபைடாகி, நாளடைவில் பைரைட் ஆகும். பாஸ்பேட் தனித்து நிற்கும்.

இந்த இரண்டு தடையும் இல்லாத இடம் உலகில் ஏராளம். நன்னீர் ஏரியின் அடிச்சேறு, சதுப்பு நிலம், கரிமண், நீர் தேங்கிய வயல் எல்லாம் அப்படித்தான். மேலே படியும் இலைதழை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். பிறகு ஜியோபேக்டர், ஷிவானெல்லா போன்ற நுண்ணுயிரிகள் சுவாசத்துக்கு ஆக்சிஜனுக்குப் பதில் துருவைப் பயன்படுத்துகின்றன. துருவில் உள்ள ஃபெரிக் இரும்பு ஃபெரஸாகிக் கரைகிறது; துரு இதுவரை பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டும் அதோடு அவிழ்ந்து வெளியே வருகிறது. இரண்டும் சேற்றின் ஈரத்துளைகளில் சந்திக்கும்போது விவியனைட். ஜப்பானில் நெல்வயல் மண்ணில் இது உருவாவது பதிவாகியிருக்கிறது. நாற்று நட்ட வயலில் தண்ணீர் நின்றபின் மண் சாம்பல்நீலமாவதை எந்த விவசாயியும் பார்த்திருப்பார். ஃபெரிக் இரும்பு ஃபெரஸாவதன் அடையாளம் அது. வயலில் தண்ணீர் கட்டினால் மணிச்சத்து பயிருக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று வேளாண் நூல்கள் சொல்வதற்கும் துரு அவிழ்வதே ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் இதுவரை ஏன் கண்ணில் படவில்லை? வழக்கமான ஆய்வு முறையைப் பார்த்தால் புரியும். ஏரியடியில் குழாயை இறக்கிச் சேற்றுத் தூணை எடுக்கிறார்கள். அதைத் துண்டுகளாக வெட்டி, அடுப்பில் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, எக்ஸ் கதிர் சிதறலுக்குக் கொடுக்கிறார்கள். உலர்த்தும்போதே விவியனைட்டின் மேற்பரப்பு ஆக்சிஜனேறத் தொடங்கிவிடும். இடித்தால் இன்னும் வேகம். தப்பிப் பிழைத்த படிகமும் மொத்தப் பொடியில் ஓரிரு சதவீதமாக இருந்தால் களிமண், குவார்ட்ஸ் கோடுகளுக்கிடையே அதன் கோடு தெரியாது. ஆய்வறிக்கையில் பாஸ்பரஸ் இரும்போடு ஒட்டியிருக்கிறது என்ற பொதுப்படையான வாசகம் இடம்பெறும். கனிமத்தின் பெயர் வராது. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவற்றுள் பெர்லின் அருகே உள்ள குரோஸ் கிளீனிக்கே ஏரியில் நடந்த ஆய்வு முக்கியமானது. கழிவு கலந்து பாசி மண்டிக் கிடந்த அந்த ஏரியை மீட்க 1992, 1993 ஆண்டுகளில் அதில் இரும்பைக் கொட்டியிருந்தார்கள். இருபது ஆண்டு கழித்து ரோதேயும் அவருடைய குழுவினரும் சேற்றை எடுத்து, காற்றுப் படாமல் உறையவைத்து உலர்த்தி, அடர்த்தி மிக்க திரவத்தில் போட்டார்கள். லேசான சேறு மிதக்க, கனமான துகள்கள் அடியில் தங்கின. முன்பு சொன்ன அடர்த்தி இங்கே கைகொடுத்தது. அடியில் திரண்டதில் கருநீல மணிகள் தெரிந்தன. எக்ஸ் கதிரில் விவியனைட் என்பது உறுதியானது. இரும்பு கொட்டிய காலத்துக்குப் பிந்திய அடுக்குகளில் பாஸ்பரஸின் கணிசமான பங்கு இதில்தான் பூட்டிக் கிடந்தது. ஏரியைக் காப்பாற்றியது இரும்பு என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கனிம வடிவில் காப்பாற்றியது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடலில் கதை வேறாக இருக்க வேண்டும். கடல்நீரில் சல்ஃபேட் மிகுதி. அதிலிருந்து நுண்ணுயிரிகள் சல்ஃபைடு செய்துவிடும். ஆனாலும் பால்டிக்கின் வடபகுதியில் உப்புக் குறைந்த போத்னியக் கடலில், சல்ஃபேட் தீர்ந்துபோகும் ஆழத்துக்குக் கீழே, மீத்தேன் உருவாகும் அடுக்கில் விவியனைட் படிவதாக எக்கர் குழு 2015இல் காட்டியது. அங்கே புதையும் பாஸ்பரஸில் 40 முதல் 50 சதவீதம் வரை இதன் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் இரும்பு மிகுந்த டோவூட்டி ஏரியின் அடியைத் துளைத்தபோதும் விவியனைட் படிகங்கள் வெளிவந்தன. அந்த ஏரிமீது ஆர்வம் வரக் காரணம் உண்டு. ஆக்சிஜன் இல்லாமல் ஃபெரஸ் இரும்பு நிறைந்திருந்த ஆதிகாலப் பெருங்கடல்களுக்கு அது ஒரு நிகழ்கால மாதிரி. அந்தக் கடல்களில் விவியனைட் பாஸ்பரஸை வாரிக்கொண்டு போயிருந்தால், உயிரினங்களுக்குக் கிடைத்த பாஸ்பரஸ் எவ்வளவு என்ற கணக்கே மாறும்.

சேற்றுக்கு நடந்ததுதான் அதில் புதையும் உடலுக்கும். எலும்பிலும் பல்லிலும் கால்சியம் பாஸ்பேட் நிறைய உண்டு. மண்ணிலோ அருகில் கிடக்கும் உலோகத்திலோ இரும்பு இருந்து, ஈரமும் ஆக்சிஜனின்மையும் சேர்ந்தால் நீலம் பூக்கும். சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸ் ஏரியில் 1996இல் மேலே வந்த ஓர் உடல், கொழுப்பு மெழுகாகி உருக்குலையாமல் இருந்தது. அதன்மேல் ஆங்காங்கே நீலத் திட்டுகள். சமீபத்திய மரணமோ என்று தடயவியலாளர் முதலில் ஐயுற வேண்டியிருந்தது. ஆய்வில் அவர் 18ஆம் நூற்றாண்டில் மூழ்கியவர் என்று தெரிந்தது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, ஊட்ஸி என்று பெயரிடப்பட்ட பழங்கால மனிதரின் தோலிலும் விவியனைட் உண்டு. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க வீரர்களின் எலும்புகளில் படிந்திருந்த நீலப் பொருக்கும் அதுவே என்று 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த இடத்தில் ஒரு பழைய தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். தென்பிரான்சில் மாஸ்டோடான் தந்தப் புதைபடிவத்தைச் சுட்டு எடுக்கும் நீலக்கல்லின், ஓடண்டோலைட்டின், நிறத்துக்கும் விவியனைட்டே காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ரைகே குழு 2001இல் சோதித்தபோது அதில் இருந்தது மாங்கனீஸ் தரும் நீலம். நீலமான எலும்பெல்லாம் விவியனைட் அல்ல.

மனிதர் இந்த நீலத்தைத் தேடியெடுத்துப் பயன்படுத்தியதும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதைப் புகெபோட்டோ என்று அழைத்து, முகத்திலும் மரத்திலும் பூசினார்கள். நெதர்லாந்தில் 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் சிலருக்கும் இது கைக்கெட்டிய நிறமி. வெர்மீர் 1656இல் வரைந்து, இன்று டிரெஸ்டனில் இருக்கும் 'தரகி' ஓவியத்தின் மேசை விரிப்பில் விவியனைட் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆல்பெர்ட் கைப்பின் ஓவியங்களிலும் இருக்கிறது. அங்கே அது மங்கிப்போயிருக்கிறது. லாபிஸ் லாசுலிபோல நூற்றாண்டுகள் தாங்கும் நீலம் அல்ல இது. கைப் நினைத்த நிறத்தை நாம் பார்க்கவில்லை என்பதை ஓவிய வரலாற்றாளர்கள் கணக்கில் கொண்டே ஆக வேண்டும்.

செவ்வாயில் இந்தக் கனிமம் பேசப்படத் தொடங்கியது 2024 ஜூலையில். ஜெசீரோ பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு பாய்ந்த நெரெட்வா பள்ளத்தாக்கில், பெர்சிவியரன்ஸ் ஊர்தி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு சேற்றுக்கல்லைப் பார்த்தது. செயாவா அருவி என்று அதற்குப் பெயரிட்டார்கள். சிவந்த கல்லில் சிறுத்தையின் உடம்பில் இருப்பதுபோன்ற வெளிறிய புள்ளிகள், அவற்றைச் சுற்றிக் கரிய விளிம்புகள். ஊர்தியின் எக்ஸ் கதிர்க் கருவி விளிம்பில் இரும்பும் பாஸ்பரஸும் இருப்பதைக் காட்டியது. ஹுரோவிட்ஸ் குழு 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, விளிம்பில் இருப்பது பெரும்பாலும் விவியனைட், நடுவில் இருப்பது கிரைகைட் என்ற இரும்பு சல்ஃபைடு என்று சொன்னது. கரிமப் பொருளும் அதே கல்லில் இருந்தது. பூமியில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடந்தால் நுண்ணுயிரி வேலை என்றே முதலில் ஊகிப்போம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விவியனைட்டும் சல்ஃபைடும் ஒரே புள்ளிக்குள் அடுத்தடுத்து இருப்பது. சல்ஃபைடு மிகுந்திருந்தால் விளிம்பு இரும்பையும் அதுவே விழுங்கியிருக்கும். அப்படி நடக்கவில்லை என்பதால், நடுவில் கொஞ்சமாகச் சல்ஃபைடு உண்டாகித் தீர்ந்துபோனது, அதற்கு வெளியே பாஸ்பேட் வென்றது என்று கொள்ள இடமிருக்கிறது. நம் ஏரிச் சேற்றிலும் இத்தகைய எல்லைக்கோடுகள் உண்டு. கட்டுரையாசிரியர்கள் உயிர் இருந்தது என்று சொல்லவில்லை. உயிரின் சாத்தியமான தடயம் என்ற அளவில் நிறுத்தினார்கள். கரிமப் பொருள் நேரடியாகவே இரும்பை ஒடுக்கும் வேதியியல் வழிகளும் இருக்கின்றன. சல்ஃபேட்டை ஒடுக்குவதற்கு உயிரில்லாத வழி என்றால் அதிக வெப்பம் தேவை. இந்தக் கல் சூடானதற்கான அடையாளம் இல்லை. வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. துளைத்தெடுத்த மாதிரி ஊர்தியின் குழாயில் பத்திரமாக இருக்கிறது. பூமியின் ஆய்வகத்துக்கு வந்தால், காற்றுப் படாமல் திறக்க வேண்டிய முதல் மாதிரிகளில் அது ஒன்றாக இருக்கும்.

விவியனைட் மிக மலிவாக, தினமும் டன் கணக்கில் உருவாகும் இடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். சாக்கடை நீரிலிருந்து பாஸ்பரஸை நீக்க இரும்பு உப்பைக் கலப்பது உலகெங்கும் வழக்கம். படிந்த கசட்டை மூடிய தொட்டியில், ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், வாரக்கணக்கில் செரிக்க வைத்து மீத்தேன் எடுக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லை, இரும்பு நிறைய, பாஸ்பேட் நிறைய, சல்ஃபைடு இரும்போடு ஒப்பிட்டால் சொற்பம். ஏரியடியில் பல ஆண்டுகளில் நடப்பது அங்கே சில வாரங்களில் முடிகிறது. குழாய்களிலும் வெப்பப் பரிமாற்றிகளிலும் நீலப் பொருக்கு அடைத்துக்கொள்வதைப் பராமரிப்பு ஊழியர்கள் எப்போதோ அறிவார்கள். நெதர்லாந்தின் லீவார்டனில் உள்ள வெட்சஸ் ஆய்வு மையத்தின் வில்ஃபெர்ட் குழு, இரும்பு போதிய அளவு கலந்த நிலையங்களின் செரித்த கசட்டில் மொத்தப் பாஸ்பரஸில் 70 முதல் 90 சதவீதம் விவியனைட்டாக இருப்பதை 2018இல் காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை மைக்ரான் அளவிலான படிகங்கள்.

அதைப் பிரிப்பது எப்படி? விவியனைட் பாராகாந்தத் தன்மை கொண்டது. வலுவான காந்தப்புலத்தில் இழுபடும். தாதுச் சுரங்கங்களில் பயன்படும் ஈர காந்தப் பிரிப்பான் வழியாகக் கசட்டைச் செலுத்தினால் படிகங்கள் தனியே திரளும். வெட்சஸும் கெமிரா நிறுவனமும் இந்த முறைக்கு விவிமேக் என்று பெயரிட்டு, பிரெடா நகரின் நியூவ்வேர் நிலையத்தில் சோதனை ஆலை வைத்தன. ஜெர்மனியில் ஒரு லட்சம் பேருக்குச் சமமான சுமைக்கு மேற்பட்ட நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்று 2017 சட்ட விதி சொல்வதால் அங்கே இந்த முறைகளுக்குக் கிராக்கி. மொராக்கோவும் மேற்கு சஹாராவும் உலகின் பாஸ்பேட் இருப்பில் பெரும்பகுதியை வைத்திருக்க, இந்தியா தன் தேவைக்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. ராஜஸ்தானின் ஜாமர்கோட்ராவில் எடுப்பது நாட்டுக்குப் போதாது. நம் பெருநகரங்களின் கசட்டைப் பற்றி இந்தக் கோணத்தில் யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

பிரித்தபின் என்ன செய்வது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. அப்படியே வயலில் போட்டால் பாஸ்பரஸ் மெதுவாகவே கரையும். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்துக் குறைவால் இலை வெளிறும் ஆலிவ் மரங்களுக்கு, ஸ்பெயினில் செயற்கை விவியனைட் நல்ல இரும்பு உரமாகப் பயன்பட்டிருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் பாஸ்பேட் பொட்டாசியத்தோடு சேர்ந்து திரவ உரமாகும். இரும்பு தனியே பிரிந்து மீண்டும் சுத்திகரிப்புக்கே போகலாம். ஆனால் காரத்துக்கான செலவு கூடுதல். மூன்றாவது வழி லித்தியம் பாஸ்பேட்டோடு கலந்து சுடுவது. மூன்று இரும்பு, மூன்று பாஸ்பேட், மூன்று லித்தியம் என்று கணக்கு நேராகி லித்தியம் இரும்பு பாஸ்பேட் கிடைக்கும். தூய விவியனைட்டைக் கொண்டு ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள். கசட்டிலிருந்து வரும் விவியனைட்டில் மக்னீசியம், கால்சியம், கரிமக் கசடு எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால், பேட்டரிக்கு வேண்டிய தூய்மைக்கு அதைக் கொண்டுவரும் செலவுதான் இப்போதைக்கு முட்டுக்கட்டை. உரத்துக்கு அவ்வளவு தூய்மை தேவையில்லை. முதலில் நிலைபெறப் போவது உர வழியே என்று நினைக்கிறேன்.